கால்வாயிலிருந்து தேம்ஸுக்கு: ஐசிஸ் லாக்கில் ஒரு படகு இறங்குவதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஆக்ஸ்ஃபோர்டுக்கு வருகிறவர்கள் கல்லூரிகளைப் பார்க்கிறார்கள், நூலகத்தைப் பார்க்கிறார்கள், படிக்கட்டில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு லண்டன் ரயிலைப் பிடிக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் யாராக இருந்தாலும் நான் இன்னொரு இடத்துக்கும் கூட்டிப்போவேன். அதுதான் ஐசிஸ் லாக். ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் வரும் படகுகள் தேம்ஸ் ஆற்றுக்கு இறங்குகிற இடம். இதற்கு டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது. ரயில் நிலையத்திலிருந்து ஹைத் பிரிட்ஜ் தெருவரை வந்தால், சாலையோரத்திலேயே கால்வாய் சட்டென்று ஆரம்பிக்கும். அங்கிருந்து கரையோர நடைபாதையில் வடக்கே சிறிது தூரம் நடந்தால் போதும். வழியெல்லாம் ஆட்கள் குடியிருக்கும் படகுகள் கட்டிக் கிடக்கும். கூரைமேல் விறகு, பூந்தொட்டி, சைக்கிள் என்று எல்லாம் அடுக்கியிருப்பார்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்கள் கதவு மூடுவதையும், தண்ணீர் வடிவதையும், கதவு திறப்பதையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அது பாதிதான். படகு லாக்குக்குள் நுழைவதற்கு முன்னால் அதில் இருப்பவர்கள் என்னென்ன செய்கிறார்கள், வெளியே வந்த முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் கால்வாய் வேறு, ஆறு வேறு என்பது புரியும்.

லாக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: பனாமா கால்வாயில் கப்பல்கள் ஏறி இறங்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான், கையால் இயக்கும் அளவில். உயரமான நீர்மட்டத்துக்கும் தாழ்வான நீர்மட்டத்துக்கும் நடுவில், ஒரு படகு மட்டும் கொள்ளும் கல்தொட்டி. இரண்டு முனையிலும் கதவுகள். உள்ளே படகை விட்டு, மேல்கதவைச் சாத்தி, தொட்டித் தண்ணீரைக் கீழ்ப்பக்கம் வடியவிட்டால் தண்ணீரோடு படகும் இறங்கும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை.

இந்தக் கால்வாய் கவெண்ட்ரி பக்கத்து நிலக்கரியை ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கொண்டுவர வெட்டியது. நீளம் 78 மைல். ஜேம்ஸ் பிரிண்ட்லி ஆரம்பித்துவைத்தார், 1772ல் அவர் இறந்த பிறகு மற்றவர்கள் தொடர்ந்தார்கள், 1790 ஜனவரி முதல் தேதி படகு ஊருக்குள் வந்தது. ஆற்றோடு இணைக்கும் ஐசிஸ் லாக் அதற்குப் பின், 1796ல் வந்தது. கட்டியவர் ஆக்ஸ்ஃபோர்டு கோட்டைச் சிறையின் அதிகாரி டேனியல் ஹாரிஸ், வேலை செய்தவர்கள் அந்தச் சிறையின் கைதிகள். கொஞ்சம் கீழே தேம்ஸில் இருக்கும் ஆஸ்னி லாக்கும் 1790ல் அதே ஹாரிஸ் கைதிகளை வைத்துக் கட்டியதுதான். அந்தச் சிறை இன்று ஹோட்டல். கரி இறக்கிய துறை இருந்த இடத்தை 1937ல் மோட்டார் கார் முதலாளி நஃபீல்ட் பிரபு வாங்கினார், இன்று அங்கே நஃபீல்ட் கல்லூரி நிற்கிறது. கால்வாய் திடீரென்று சாலையோரத்தில் முடிந்துபோவதற்கு அதுதான் காரணம். மிச்சத்தைத் தூர்த்துவிட்டார்கள்.

நான் பார்த்தவற்றில் அதிகம் கற்றுக்கொண்டது பெரியப்பாவோடு போனபோதுதான். அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். கல்லணைக் கால்வாயில் ஷட்டர் ஏற்றி இறக்கியே ஓய்வு பெற்றவர். கல்லூரிகளை மரியாதைக்குப் பார்த்தார். லாக்குக்கு வந்ததும் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து சுவரைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முதல் கேள்வியே சரியான கேள்வி.

"ஏம்மா, ஒவ்வொரு படகுக்கும் இவ்வளவு தண்ணியக் கீழ விட்டுர்றாங்களே, மேல தண்ணி எங்கேருந்து வருது?"

நான் அதுவரை அதை யோசித்ததே இல்லை. அப்புறம் தேடிப் படித்தேன். கால்வாயின் உச்சிப் பகுதி ஊருக்கு வடக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் கொடுக்கவே பாடிங்டன், கிளாட்டர்கோட், வார்ம்லைட்டன் என்று நீர்த்தேக்கங்கள். அங்கிருந்து லாக் லாக்காக இறங்கி, வழியில் செர்வெல் ஆற்றுத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வருகிறது. ஒரு குறுகலான லாக் சுமார் 7 அடி அகலம், 72 அடி நீளம். நீர்மட்டம் ஒரு அடி இறங்கினால் ஏறக்குறைய 14,000 லிட்டர் போகிறது, சென்னையில் தெருவுக்கு வரும் பெரிய டேங்கர் லாரி ஒன்றின் தண்ணீர். அதனால்தான் மேலே ஒரு படகு காத்திருக்க, லாக் காலியாக இருக்க, கீழிருந்து ஒரு படகு வருவது தெரிந்தால், மேலே உள்ளவர் வீணாக லாக்கை நிரப்பாமல் கீழே வருபவரை முதலில் விடுகிறார். இது மரியாதை மட்டும் இல்லை, தண்ணீர்க் கணக்கு. வறண்ட கோடையில் லாக்குகளுக்கு நேரக் கட்டுப்பாடு போடுவதும் இந்தக் கணக்கால்தான். பெரியப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்தது. "முறை வச்சுத் தண்ணி விடுற மாதிரியே" என்றார்.

சரி, படகு இறங்கும் வரிசையைச் சொல்கிறேன். இங்கே ஓடுபவை நேரோபோட் எனும் ஒல்லியான இரும்புப் படகுகள். அகலம் 6 அடி 10 அங்குலம். லாக்கின் அகலத்தோடு ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் ஓரிரு அங்குலம்தான் மிச்சம். ஒருவர் பின்னால் சுக்கானைப் பிடித்து நிற்பார், இன்னொருவர் கரையில் இறங்கி முன்னால் நடந்து வருவார். அவர் கையில் 'ட' மாதிரி வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்று இருக்கும். அதற்கு வின்ட்லஸ் என்று பெயர். கதவிலும் கரையிலும் நிற்கும் பல்சட்டத்தில் அதை மாட்டிச் சுற்றினால் தண்ணீருக்கடியில் இருக்கும் சின்ன ஷட்டர் மேலே ஏறும், தண்ணீர் பாயும். சுற்றும்போது தாழ் ஒன்று பல்லுக்குப் பல் விழுந்து கடகடவென்று சத்தம் கேட்கும். அந்தத் தாழ்தான் ஷட்டர் சறுக்கி விழாமல் பிடித்துக்கொள்கிறது. தாழைப் போடாமல் வின்ட்லஸை மாட்டியே விட்டுவிட்டால், ஷட்டர் விழும் வேகத்தில் அந்த இரும்பு சுழன்று முகத்தில் அடிக்கும். அதனால் பல்சட்டத்தில் தனியாகத் தொங்கும் வின்ட்லஸைக் கண்டால் தள்ளி நில்லுங்கள்.

கதவைத் திறக்க அதன் தலையில் நீளமான மரக்கை ஒன்று உண்டு. அதில் முதுகைக் கொடுத்து, பாதத்தைத் தரையில் ஊன்றித் தள்ள வேண்டும். முதல் முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது, "இவ்வளவு பேர் தள்ளியும் ஏன் அசைய மாட்டேன் என்கிறது?" அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 7 அடி அகலமும் 6 அடி ஆழமும் தண்ணீரில் நனையும் கதவு என்று வையுங்கள். இரண்டு பக்க நீர்மட்டமும் அரைச் சாண், அதாவது பத்து சென்டிமீட்டர் வித்தியாசப்பட்டாலே கதவின்மேல் சுமார் 400 கிலோ அழுத்துகிறது. பலம் காட்டிப் பயனில்லை. மட்டம் சமமானதும் அதே கதவு ஒரு ஆள் தள்ளலில் திறக்கும். அனுபவம் உள்ளவர்கள் மரக்கையில் சும்மா சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். கதவு தானாக ஓர் அங்குலம் விடும்போது எழுந்து தள்ளுவார்கள்.

அன்று எங்கள் கண்முன்னால் இறங்கிய படகில் வயதான தம்பதி. கணவர் சுக்கானில், மனைவி கரையில் ஷட்டரில். மேல்கதவு சாத்தியாயிற்று. கீழ் ஷட்டரைப் பாதி ஏற்றினார், தண்ணீர் கீழ்ப்பக்கம் கொப்பளித்தது. படகு ஒரு முழம்கூட இறங்கியிருக்காது, "க்ர்ர்" என்று ஒரு சத்தம். படகின் இடப்பக்கம் அப்படியே நின்றுவிட்டது, வலப்பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. கரையில் மோதாமலிருக்கத் தொங்கவிடும் ரப்பர் உருளை ஒன்றை மேலே எடுத்துப் போடாமல் விட்டிருக்கிறார்கள், அது சுவருக்கும் படகுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி மாட்டிக்கொண்டது. ஜன்னலுக்குள் ஒரு டீ கப் வழுக்கிப் போவது எனக்குத் தெரிந்தது. கணவர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா தாழைத் தட்டிவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டார். தண்ணீர் நின்றது. அப்புறம் மேல்பக்கம் நடந்து போய், அந்த ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். மட்டம் ஏறியது, படகு நிமிர்ந்தது, உருளை விடுபட்டது. கணவர் அதை எடுத்துக் கூரைமேல் போட்டார். எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் இருக்கும், யாரும் சத்தம் போடவில்லை.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "பாத்தியா, தண்ணி ஓடுற வரைக்கும் அந்தம்மா கை ஷட்டரை விட்டு நகரவே இல்ல. கண்ணு படகை விட்டு நகரல. நாங்க புதுப் பசங்களுக்கு இதைத்தான் சொல்லுவோம்."

லாக்கில் நடக்கும் பெரிய விபத்துகள் பலவும் இந்த இரண்டில் ஒன்று தவறியதால் வருபவைதான். இறங்கும் படகுக்கு இன்னொரு ஆபத்து மேல்கதவின் அடியில் ஒளிந்திருக்கிறது. அங்கே உள்பக்கம் நீட்டிக்கொண்டு ஒரு கல்படி இருக்கும். லாக் நிறைந்திருக்கும்போது தண்ணீருக்குள் மறைந்திருக்கும், தண்ணீர் இறங்க இறங்க வெளியே தெரியும். படகின் பின்பக்கம் அந்தப் படிமேல் உட்கார்ந்துவிட்டால், முன்பக்கம் மட்டும் இறங்கி, படகு செங்குத்தாகச் சாய்ந்து மூழ்கிவிடும். கரைக்கல்லில் வெள்ளைக் கோடு ஒன்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். படகின் பின்பகுதி அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. குழந்தைகளோடு போனால் முதலில் அந்தக் கோட்டைத்தான் காட்டுவேன். படகு வந்ததும் பின்பக்கம் எங்கே நிற்கிறது என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள், வேடிக்கை கவனமாக மாறிவிடும். கயிறும் அப்படித்தான். இறங்கும் படகின் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது, ஒரு சுற்று சுற்றிக் கையில் பிடித்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கட்டிவிட்டால் படகு கயிற்றில் தொங்கிவிடும்.

இனி நான் முதலில் சொன்ன மற்ற பாதி. அந்தத் தம்பதி லாக்குக்கு வருவதற்கு முன்னால் படகைக் கரையில் கட்டிவைத்து நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்கள். கணவர் எந்திர மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பெட்டிக்குள்ளிருந்து நங்கூரத்தை வெளியே எடுத்து, அதன் சங்கிலியையும் கயிற்றையும் சிக்கல் இல்லாமல் மடித்துக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார். இரண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டார்கள். ஏன் இப்போது என்று கேட்டேன். கால்வாயில் எந்திரம் நின்றால் படகும் நின்றுவிடும், கரைக்குத் தள்ளிக்கொண்டு போய் டீ போட்டுக் குடிக்கலாம். ஆற்றில் எந்திரம் நின்றால் படகு நிற்காது, ஆறு எங்கே போகிறதோ அங்கே போகும், கீழே அணைக்கட்டு இருக்கிறது. நங்கூரம் ஒன்றுதான் அதைப் பிடித்து நிறுத்தும். இதைத்தான் அவர் தன் வழியில் பொறுமையாக விளக்கினார். இதைக் கேட்ட பிறகு நான் எந்தப் படகைப் பார்த்தாலும் முதலில் நங்கூரம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன். ஆற்றுக்குப் போகிற படகா, இல்லை ஊர்முனையில் கட்டப்போகிற படகா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

உரிமமும் மாறுகிறது. கால்வாயை 2012 முதல் கனால் அண்டு ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது, தேம்ஸ் என்விரான்மென்ட் ஏஜென்சியின் பொறுப்பு. ஒன்றின் உரிமம் மற்றதற்குச் செல்லாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே உரிமம் வாங்குவதும் உண்டு, குறுகிய நாட்களுக்கு மட்டும் ஆற்று உரிமம் வாங்கிக்கொள்பவர்களும் உண்டு.

கீழ்க்கதவு திறந்து படகு வெளியே போனதும் கிளம்பிவிடாதீர்கள். முதலில், கரையில் இருப்பவர் கதவைச் சாத்தி, ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படகில் ஏறுவார். ஒரு ஷட்டர் மறந்துபோனால் கால்வாய்த் தண்ணீர் இரவெல்லாம் ஆற்றுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். லாக்கின் வாயில் 1844ல் போட்ட இரும்புப் பாலம் இருக்கிறது, அதன்மேல் நின்று பாருங்கள். படகு அடியில் நுழைந்து, வலப்பக்கம் திரும்பி ஷீப்வாஷ் சேனலுக்குள் போக வேண்டும். கால்வாயில் இவ்வளவு தூரம் பெரும்பாலும் அசையாத தண்ணீரில் வந்த படகை இங்கே நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும். சுக்கான் பிடித்திருப்பவரின் தோள் இறுகுவது மேலிருந்து பார்த்தாலே தெரியும். எந்திரச் சத்தமும் கூடும், ஏனென்றால் தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளாமல் சுக்கான் வேலை செய்யாது.

அதே சேனலில் கொஞ்சம் மேற்கே ரயில் பாதைக்குப் பக்கத்தில் இன்னொரு பழைய பொருள் நிற்கிறது. படகு போகும்போது ஒதுங்கிக்கொள்வதற்காக 1851ல் ராபர்ட் ஸ்டீபன்சன் வடிவமைத்த சுழலும் ரயில் பாலம். ரயில் ஓடி வெகுநாளாயிற்று, ஆனாலும் பழுது பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். பெரியப்பா படகை விட்டுவிட்டு இதையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைத் தாண்டினால் தேம்ஸ். வலப்பக்கம் திரும்பினால் நீரோட்டத்தை எதிர்த்து போர்ட் மெடோ புல்வெளிப் பக்கம், இடப்பக்கம் திரும்பினால் ஆஸ்னி பாலம். அந்தப் பாலத்தின் அடியில் 7½ அடி உயரம்தான். நேரோபோட்கள் தாராளமாகப் போய்விடும், உயரமான ஆற்றுப் படகுகள் பல அங்கேயே திரும்பிவிடும். அதனால்தான் அதற்கு மேலே ஆறு அமைதியாக இருக்கிறது.

நேரம் இருந்தால் கரையோரமாக ஆஸ்னி லாக்வரை நடந்து போங்கள். அங்கே லாக் காப்பாளர் இருப்பார், பொத்தானை அழுத்தினால் கதவு நகரும். படகுக்காரர் எந்திரத்தை நிறுத்தி, முன்னும் பின்னும் கயிறு பிடித்து நிற்க வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால் கையால் இயக்கும் லாக்கும் ஆற்று லாக்கும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று குழந்தைகளுக்குக்கூடப் புரியும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னும் சில. மரக்கை கதவோடு சேர்ந்து அரைவட்டமாக நகரும், அந்த வளைவுக்குள் நிற்காதீர்கள், அதிலும் மரக்கைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கவே கூடாது. ஓரக்கல் பாசி பிடித்து வழுக்கும், சின்னக் குழந்தை என்றால் கையை விடாதீர்கள். உதவி செய்ய ஆசையாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கதவு தள்ளக் கூப்பிட்டால் மகிழ்ச்சியாகப் போங்கள், ஷட்டரை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள், படகில் இருப்பவர் தயாரா என்பது கரையில் நிற்கும் அவருக்குத்தான் தெரியும். படகு இறங்கிக்கொண்டிருக்கும்போது சுக்கானில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம். மட்டம் சமமாகக் காத்திருக்கும் நேரத்தில் கேளுங்கள், அப்போது அவர்களே கதை கதையாகச் சொல்வார்கள். சைக்கிள்கள் வேகமாக வரும் பாதை, போட்டோ எடுக்கப் பின்னால் நகரும்போது கவனம்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, வார இறுதிக் காலை நேரம் நல்லது. குளிர்காலத்தில் லாக்குகளைப் பழுது பார்க்க மூடுவார்கள், படகும் குறைவு. கிளம்பும் முன்னால் தேம்ஸின் நீரோட்ட எச்சரிக்கையை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்று லாக்குகளில் மஞ்சள் பலகை வைத்திருந்தால் நீரோட்டம் கூடுகிறது அல்லது குறைகிறது என்று பொருள், சிவப்புப் பலகை என்றால் பலமான நீரோட்டம், படகை எடுக்க வேண்டாம் என்ற அறிவுரை. சிவப்பு இருக்கும் நாளில் ஐசிஸ் லாக்கில் ஆற்றுக்கு இறங்கும் படகைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. அன்று போனாலும் பார்க்க ஒன்று இருக்கிறது. ஆறு ஏறியிருப்பதால் கீழ்க்கதவுக்கு வெளியே தண்ணீர் வழக்கத்தைவிட உயரமாக நிற்கும். லாக் நிறைந்திருந்தால் இரண்டு மட்டத்துக்கும் இடையே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சுவரின் ஈரக்கோட்டை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.